வாங்குவதற்கு முன் வ்யூஃபைண்டரில் கண் வைத்துப் பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் என் ஸ்டூடியோவுக்கு வந்தார். ஒரு வருடமாகச் சேர்த்த காசில் பழைய கேமரா ஒன்று வாங்கியிருந்தார். விளம்பரத்தில் 'ரேஞ்ச்ஃபைண்டர் ஸ்டைல்' என்று போட்டிருந்ததாம். வ்யூஃபைண்டரில், அதாவது பார்க்கும் துளையில், கண்ணை வைத்தால் உள்ளே ஒரு குட்டித் திரை. “கண்ணாடி வழியா நேரா பார்க்கலாம்னு நினைச்சேன் அண்ணா” என்றார். முகம் வாடியிருந்தது. கேமராவில் ஒரு குறையும் இல்லை. 'ஸ்டைல்' என்ற சொல்லைத்தான் அவர் கவனிக்கவில்லை.

அசல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் துளையின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரே காட்சி இரண்டு பிம்பமாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் ஆகிவிடும். டிஜிட்டலில் இது 2004-ல் எப்சன் ஆர்-டி1, 2006-ல் லைக்கா எம்8 என்று வந்தது. தானாக ஃபோகஸ் ஆகாது, விலையும் அதிகம். மற்றபடி அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை, பார்க்கும் துளையை இடது மூலையில் வைத்த கேமராக்கள்தான். அந்தத் துளைக்குள் இருப்பது கண்ணாடியா, எலக்ட்ரானிக் திரையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2011-ல் விற்பனைக்கு வந்த ஃப்யூஜிஃபிலிம் எக்ஸ்100-லும் அதன் வாரிசுகளிலும் இரண்டுமே உண்டு. முன்பக்க லீவரைத் தட்டினால் மாறும். கல்யாண வேலையில் நான் கண்ணாடியைத்தான் நம்புகிறேன். படத்தின் எல்லையைக் காட்டும் ஒளிக்கோட்டுச் சட்டத்துக்கு வெளியே நடப்பதும் தெரியும் என்பதால், தாலித் தட்டோடு வருகிறவர் படத்துக்குள் நுழையும் முன்பே கண்ணில் பட்டுவிடுவார். ஷட்டர் சத்தமும் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

ஆனால் துளை ஒரு பக்கம், லென்ஸ் இன்னொரு பக்கம். பத்தடி தூரத்தில் அது பெரிதாகத் தெரியாது. கிட்டே போனால்தான் சிக்கல். ஷட்டரைப் பாதி அழுத்தினால் சட்டம் வலது கீழ்ப்பக்கமாக நகரும். அதைப் பார்க்காமல் எடுத்தால் படத்தின் ஓரம் நினைத்த இடத்தில் அமையாது. முதல் எக்ஸ்100-ல் 80 சென்டிமீட்டருக்குள் போக, மிகக் கிட்டத்தில் எடுப்பதற்கான மேக்ரோவுக்கு மாற்ற வேண்டும். அப்போது எலக்ட்ரானிக் திரைதான் வரும். மருதாணிக் கையும் சாப்பாட்டு இலையும்தான் உங்கள் படங்கள் என்றால் கண்ணாடிக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

அப்புறம், குறி பார்க்க உங்களுக்கு முந்திக்கொள்வது எந்தக் கண்? இரண்டு கண்ணையும் திறந்து, கையை நீட்டிக் கட்டைவிரலால் தூரத்து மின்கம்பத்தை மறையுங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். விரல் நகராவிட்டால் உங்களுடையது வலது கண். மூலையில் துளை வைத்த கேமரா உங்களுக்காகவே செய்தது. மூக்கு பக்கவாட்டில் ஒதுங்கிவிடும், இடது கண்ணும் திறந்திருக்கும். இடது கண்காரர்களுக்கு மூக்கு பின்திரையில் அழுந்தும், அந்த வசதி பாதி போய்விடும். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதைப் போட்டபடியே பாருங்கள். சட்டத்தின் நான்கு மூலையும் தெரியாவிட்டால் அந்த கேமரா வேண்டாம்.

பாக்கெட்டில் போடுகிற அளவுதான் வேண்டுமென்றால் சோனி ஆர்எக்ஸ்100 வரிசை இருக்கிறது. ஆனால் அதன் முதல் இரண்டு மாடல்களில் வ்யூஃபைண்டரே கிடையாது. 2014-ல் வந்த மூன்றாவதில்தான் மேலே எழும்பும் துளை வந்தது. பழையது வாங்குபவர்கள் பெயரைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ரிக்கோ ஜிஆர் அருமையான கேமராதான், ஆனால் அதிலும் உள்ளே துளை இல்லை.

அந்த மாணவருக்கு வலது கண். கையில் இருப்பதை விற்றுவிட்டுப் பழைய எக்ஸ்100 தேடப் போவதாகச் சொன்னார். அதன் லென்ஸ் கழற்ற முடியாதது; படம் பதியும் சென்சாரில் தூசி புகுந்தால் நாமே துடைக்க முடியாது, பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் கடையிலேயே வெள்ளைச் சுவர் ஒன்றை, லென்ஸின் துவாரத்தை எஃப்16-க்குச் சுருக்கி எடுத்து, பெரிதாக்கிக் கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.