மடியில் கனம்: 'இலகுரக மடிக்கணினி' என்று எழுதலாமா?

அக்கா மகள் போன மாதம் ஒரு மடிக்கணினி வாங்கினாள். வாரத்தில் இரண்டு நாள் கோவை, மீதி நாள் சென்னை என்று ஓடுகிற வேலை அவளுக்கு. விற்பனைப் பக்கத்தில் 'மெல்லிய மற்றும் இலகுரக மடிக்கணினி' என்று தமிழில் போட்டிருந்ததாம். இரண்டு பயணம் போய்வந்த பிறகு தோளைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, இலகுரகம்னா என்ன எடைன்னு அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெருமுனை மளிகைக் கடைக்குப் பையோடு போனோம். அண்ணாச்சி தராசில் இருந்த பருப்புத் தூசியைத் துணியால் துடைத்துவிட்டு, கணினியை மட்டும் வைத்தார். 1.560. சார்ஜரைச் சுருட்டி அதன்மேல் வைத்தோம். இரண்டு மின்கம்பியும் நடுவில் ஒரு கறுப்புச் செங்கலும் கொண்ட சார்ஜர் அது. 1.980. "ரெண்டு கிலோவுக்கு இருபது கிராம்தான் சார் குறையுது. நல்ல கனம்" என்றார் அண்ணாச்சி.

அவர் சொன்ன 'கனம்' என்ற அந்தச் சொல்லைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிட்டுவிட்டார்கள்.

முதலில் மடிக்கணினி. மடி என்ற பெயரோடு கணினி சேர்ந்தது. மடியில் வைத்து வேலை செய்யும் கணினி. மடித்து மூடுவதால்தான் மடிக்கணினி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் அது வினைத்தொகை; ஊறுகாய், சுடுகாடு போல ஒற்று மிகாமல் 'மடிகணினி' என்று இருக்க வேண்டும். மடிப்பிச்சையில் ப் மிகுவதுபோல இங்கே க் மிகுவதால், இது உட்காரும்போது வரும் மடிதான். ஆங்கில 'லேப்' என்ற சொல்லுக்கும் பழைய பொருள் உடையின் தொங்கலான ஓரம். நம் மடியும் முதலில் இடுப்புச் சேலையின் மடிப்பு, அப்புறம்தான் குழந்தை தூங்கும் இடம். இரண்டு மொழியும் துணியிலிருந்தே அந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு 'விலையில்லா மடிக்கணினி' கொடுக்கத் தொடங்கியதும், சொல் ஊர் ஊராகப் போய் நிலைத்துவிட்டது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அதன் முன்னால் ஒட்டும் அடைமொழியில்தான்.

'இலகுரக' என்பதைப் பிரித்துப் பாருங்கள். இலகு, வடமொழி லகுவிலிருந்து வந்தது. ரகம், அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. பிறமொழிச் சொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. இரண்டும் தமிழில் நெடுநாள் குடியிருக்கின்றன. என் கேள்வி, இந்தக் கூட்டுச்சொல் தமிழில் எங்கே வாழ்கிறது என்பது. ஓட்டுநர் உரிமத்தில் வாழ்கிறது. இலகுரக வாகனம், கனரக வாகனம் என்று இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இலகுரக வாகனத்துக்கு 7,500 கிலோ என்று வரம்பு கட்டியிருக்கிறது. அடுத்து, நாளிதழ்களில் தேஜஸ் விமானத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'இலகுரகப் போர் விமானம்' வருகிறது. ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்துக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது. ஏனென்றால் போர் விமானங்களுக்குள் அது ஒரு தனி வகுப்பு.

ரகம் என்று சொன்னால் வகுப்பு என்று பொருள். நெல் கொள்முதல் நிலையத்தில் சன்னரகம் என்றும் பொதுரகம் என்றும் தனித்தனி விலை போடுகிறார்களே, அதுபோல. வகுத்தவர் ஒருவர் இருப்பார், எல்லை ஒன்று இருக்கும், எதிர்ப்பக்கம் இன்னொரு ரகம் இருக்கும். மடிக்கணினியில் யார் வகுத்தார்கள்? எத்தனை கிலோவுக்குக் கீழே இருந்தால் இலகுரகம்? கனரக மடிக்கணினி என்று எந்தக் கடையிலாவது எழுதி வைத்திருக்கிறார்களா? எல்லையே இல்லாத இடத்தில் எல்லை உள்ள சொல்லைப் போடும்போது, படிப்பவர் யாரோ எடை போட்டுச் சான்று கொடுத்திருக்கிறார் என்று நம்பிவிடுகிறார். என் அக்கா மகளுக்கு நடந்தது அதுதான்.

எல்லை கட்டும் முயற்சி ஒன்று நடந்தது உண்மை. 2011-இல் சில்லு தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் மெல்லிய மடிக்கணினிகளுக்கு 'அல்ட்ராபுக்' என்ற பெயரைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டுகளில் 14 அங்குலத்துக்குக் குறைந்த திரை என்றால் 18 மில்லிமீட்டர், அதற்கு மேல் 21 மில்லிமீட்டர் என்று தடிமனுக்கு உச்சவரம்பு வைத்தது. அது அந்த நிறுவனத்தின் வணிகப் பெயர்; அதை அப்படியே அல்ட்ராபுக் என்று எழுதினால் போதும். ஊர்ப் பெயரை மொழிபெயர்ப்போமா? 'மீநூல்', 'மீப்புத்தகம்' என்றெல்லாம் ஆக்கினால் நூலகத்தில் தேட வேண்டியதாகிவிடும்.

'இலகு' என்ற பகுதியிலும் சிக்கல் உண்டு. பேச்சுக்குப் பக்கத்தில் போய்க் கேட்டால், அது பெரும்பாலும் எளிது என்ற பொருளில்தான் வழங்குகிறது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் "இது இலகுவான வேலை" என்பார்கள். அவர்களிடம் இலகுவான மடிக்கணினி என்றால் இயக்க எளிதானது என்று எடுத்துக்கொள்வார்கள், அதில் தவறும் இல்லை. கர்நாடக இசை படித்தவருக்கு லகு தாளத்தின் ஓர் அங்கம். எடையைச் சொல்ல வந்த சொல் எடையைத் தவிர எல்லாவற்றையும் சொல்கிறது.

இதைவிட மோசமானது இயந்திர மொழிபெயர்ப்பு கொண்டுவருகிற 'ஒளி மடிக்கணினி'. ஆங்கிலத்தில் வெளிச்சத்துக்கும் எடைக்குறைவுக்கும் ஒரே சொல் என்பதால் வந்த கோளாறு. அதையும் யாரோ ஒருவர் படித்துப் பார்த்துத்தானே வெளியிட்டிருக்க வேண்டும்? இப்படிப்பட்ட வரிகளைத் திருத்துவதே என் அன்றாட வேலை என்பதால் இதைச் சொல்கிறேன். பிழையைக் கண்டுபிடிக்க இலக்கணப் புலமை வேண்டாம். அந்தப் பொருளை ஒருதடவை கையில் தூக்கிப் பார்த்தவர் இப்படி எழுதமாட்டார்.

தனித்தமிழ் அன்பர்கள் 'நொய்ய' என்ற சொல்லைக் காட்டுவார்கள். நொய்ம்மை என்றால் எடையின்மை. பழைய, நல்ல சொல். ஆனால் இன்று நொய் என்றதும் கஞ்சிக்குப் போடும் குருணை அரிசிதான் நினைவுக்கு வருகிறது. இன்னொரு பக்கம் தளர்ச்சி, மெலிவு என்ற நிழல் விழுகிறது. எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் கருவியை நொய்ந்தது என்று யாரும் கேட்க விரும்பமாட்டார்கள். லேசு பரவாயில்லை, பேச்சில் நன்றாக ஒலிக்கும். ஆனால் லேசான காய்ச்சல், லேசான மழை என்று 'கொஞ்சம்' என்ற பொருளுக்கே அது அதிகம் உழைக்கிறது.

கனத்துக்கு வருகிறேன். இது வடசொல் என்பாரும் உண்டு, தமிழ்ச்சொல் என்பாரும் உண்டு. அந்த வழக்கில் எனக்குப் பங்கு இல்லை. தராசு காட்டும் எண் எடை. தோள் உணர்வது கனம். பயணத்துக்குக் கணினி தேடுகிறவருக்கு இரண்டும் வேண்டும். 'மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்' என்று நம்மவர்கள் பயணத்தையும் மடியையும் கனத்தையும் என்றைக்கோ ஒரே வரியில் கோத்துவிட்டார்கள். 'கனம் குறைந்த மடிக்கணினி' என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், அண்ணாச்சிக்கும் புரியும். அளவைச் சொல்லும் இடத்தில் 'எடை 1.2 கிலோ' என்று எண்ணைப் போட்டுவிடலாம்.

இதில் ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கனமான அட்டை என்றால் தடித்த அட்டை என்றும் பொருள். ஆகவே தடிமனைப் பேசும்போது கனத்தை இழுக்காமல் 'மெல்லிய' என்றே சொல்ல வேண்டும். மெல்லியது எல்லாம் கனம் குறைந்தது அல்ல. ஆப்பிளின் 2021-ஆம் ஆண்டு 14 அங்குல மேக்புக் ப்ரோவின் தடிமன் 15.5 மில்லிமீட்டர், எடை 1.6 கிலோ. எல்ஜி கிராம் 17 அங்குலக் கணினி அதைவிடத் தடிமன், திரையும் பெரியது, ஆனால் ஏறக்குறைய 1.35 கிலோதான். ஒரு முக்கியக் காரணம் உடல். மேக்புக் அலுமினியம், கிராம் மக்னீசியக் கலவை. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் 1.74 கிராம். 'மெல்லிய மற்றும் இலகுரக' என்று ஒரே மூச்சில் எழுதும் பழக்கம் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. நடுவில் நிற்கும் 'மற்றும்' ஆங்கில வாக்கியத்தின் எலும்பு. தமிழில் 'மெல்லியது, கனமும் குறைவு' என்றால் முடிந்தது.

கனம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. 1981-இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கணினி சுமார் 11 கிலோ. ஐந்து அங்குலத் திரை. கைப்பிடி வைத்த தையல் இயந்திரப் பெட்டி மாதிரி இருக்கும். அதை உருவாக்கிய ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தவர், 2003-இல் கொடைக்கானலில் காலமானார். அந்தப் பெட்டியை யாரும் மடியில் வைத்திருக்க முடியாது. அதற்குத் தூக்குக்கணினி என்று சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அக்கா மகளுக்குக் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். சார்ஜரோடு சேர்த்து எடை என்ன என்று கடையில் கேள். யூ.எஸ்.பி. சி வழியாகச் சார்ஜ் ஆகுமென்றால் அந்தக் கறுப்புச் செங்கலை வீட்டில் வைத்துவிட்டு, கைபேசிக்கும் கணினிக்கும் ஒரே சிறிய சார்ஜர் கொண்டுபோகலாம். விமானத்தில் போவதாக இருந்தால் பேட்டரியின் மின் கொள்ளளவு 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும். அவளுடைய கணினியில் யூ.எஸ்.பி. சி வழியாகச் சார்ஜ் ஆகும் வசதி இருந்தது. 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கினாள். மறுபடி அண்ணாச்சி தராசில் வைத்தோம். 1.690.

"இப்ப கனம் தெரியல சார்" என்றார்.