நிலக்கரி நீர்மமாக்கல்

தென்னாப்பிரிக்காவில் நிலக்கரியிலிருந்து பெட்ரோல் செய்யும் செகுண்டா ஆலையில் நடப்பதைத் தமிழில் சொல்லப் புகுந்தால் 'நிலக்கரியை உருக்குதல்' என்ற தொடர் எளிதில் வந்துவிடும். அது பொருந்தாது. மெழுகு உருகினாலும் மெழுகுதான். நிலக்கரியோ எவ்வளவு சூடாக்கினாலும் உருகிப் பெட்ரோல் ஆவதில்லை. அதன் வேதி அமைப்பே மாறவேண்டும்.

இதன் ஆங்கிலப் பெயர் லிக்விஃபேக்‌ஷன். ஓடும் தன்மையைக் குறிக்கும் ஓர் இலத்தீன் சொல்லும் 'செய்தல்' என்னும் பொருளுள்ள இன்னொன்றும் சேர்ந்து பிறந்தது. தமிழில் திரவமாக்கல், நீர்மமாக்கல் என இரண்டும் வழங்குகின்றன. திரவம் வடசொல், நீர்மம் நம் வேரிலிருந்து எழுந்தது. நான் பின்னதையே பரிந்துரைப்பேன்.

நிலக்கரி என்பது நிலத்தில் தோண்டியெடுக்கும் கரி. ஆப்பிரிகான்ஸ் மொழியினர் அதையே 'ஸ்டீன்கூல்', அதாவது கல்கரி, என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாநில வடபகுதிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக, இந்நாட்டுத் தமிழரான நம் முன்னோரும் அதைத் தோண்டினார்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்மேல் விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913இல் எழுந்த பெரும் வேலைநிறுத்தம் நியூகாசில் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான் தொடங்கியது. இந்தச் சொல் நமக்கு வெறும் பாடநூல் சொல்லன்று.

இனி வேதியியல். நிலக்கரியில் ஒரு கார்பன் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் அணுகூட முழுதாகத் தேறாது. பெட்ரோலில் ஏறத்தாழ இரண்டு உண்டு. இந்தக் குறையை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனை நேரே ஏற்றுவது நேரடி நீர்மமாக்கல். ஜெர்மானியர் பெர்கியுஸ் கண்ட இவ்வழி 1931இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. மற்றது மறைமுக நீர்மமாக்கல். நீராவியும் ஆக்சிஜனும் செலுத்தி நிலக்கரியைக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகச் சிதைப்பார்கள். கந்தகத்தை நீக்கியபின், இரும்பு வினையூக்கியின் மேல் அவ்வாயு ஹைட்ரோகார்பன் சங்கிலிகளாகச் சேரும். வேதியியலாளர்கள் ஃபிஷரும் டிராப்ஷும் 1920களில் வகுத்த இம்முறையைத்தான் 1950இல் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1955இல் சாசோல்பர்க் நகரில் உற்பத்தி பிறந்தது. ஈரானிய எண்ணெய் 1979இல் நின்றபின் அதே நிறுவனத்தின் செகுண்டா ஆலைகள் நிறவெறி அரசுக்கு இன்னும் பெரிய ஊன்றுகோலாயின.

ஆகவே பொதுவாக எழுதும்போது 'நிலக்கரி நீர்மமாக்கல்' போதும். செகுண்டாவைப் பற்றி எழுதினால் 'மறைமுக' என்ற அடையை விடக்கூடாது. நிலக்கரியின் கார்பனில் பெரும்பங்கு நீர்மமாகாமல் கரியமில வாயுவாக வெளியேறுகிறது என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். ஓரிடத்திலிருந்தே அதை உலகில் மிகுதியாக வெளியேற்றும் ஆலைகளுள் ஒன்றாகச் செகுண்டா எண்ணப்படுகிறது.