டாக் ரேடியோ: பேச்சு வானொலியா, உரையாடல் வானொலியா?

“அந்தப் பேச்சு வானொலியின் பேச்சாளர், அழைப்பாளர்களின் பேச்சுகளை ஒளிபரப்பினார்.”

அமெரிக்க நகரம் ஒன்றின் உள்ளூர் வானொலி நிலையத்தைப் பற்றிய மொழிபெயர்ப்பில் அண்மையில் படித்த வாக்கியம் இது. அந்த நிலையத்தில் என்னதான் நடக்கிறது என்று இதைப் படிக்கும் யாருக்கும் விளங்காது. ‘டாக் ரேடியோ’ வந்தாலே ‘பேச்சு வானொலி’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் இதை எழுதுகிறேன்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கில ‘டாக்’, கதையைக் குறிக்கும் ‘டேல்’, சொல்லுதலைக் குறிக்கும் ‘டெல்’ ஆகியவற்றுக்கு உறவு. ‘ரேடியோ’வின் வேர், கதிர் என்று பொருள்படும் இலத்தீன் ‘ரேடியஸ்’. தமிழ் கதிரை விட்டுவிட்டு ஒலியைப் பிடித்துக்கொண்டது. வானொலி நல்ல சொல், அதில் தகராறு இல்லை.

சரி, டாக் ரேடியோ என்பது என்ன? பாட்டுக்குப் பதிலாக நாள் முழுக்கச் செய்தி, நேர்காணல், விவாதம், நேயர்களின் தொலைபேசி அழைப்புகள். 1920 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரின் கேடிகேஏ வானொலி நிலையம் அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. வானொலியில் செய்தி அவ்வளவு பழையது. 1960-ல் செயின்ட் லூயிஸின் கேஎம்ஓஎக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸின் கேஏபிசி போன்றவை பாட்டுக்கான நேரத்தை நேயர்களோடு பேசக் கொடுத்தன. 1965-ல் நியூயார்க்கின் வின்ஸ் முழுநேரச் செய்தி நிலையமானது. பிறகு ஒலி தெளிவாக இருந்த பண்பலைக்குப் பாட்டு இடம்பெயர, மத்திய அலை நிலையங்கள் பல செய்தியையும் விவாதத்தையும் நம்பிப் பிழைத்தன. சர்ச்சைக்குரிய விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்ற அமெரிக்க விதி 1987-ல் கைவிடப்பட்டதும் அரசியல் விவாதம் இன்னும் பெருகியது.

இப்படிப்பட்ட நிலையத்தில் காலையில், வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்காகச் செய்தியும், நடுநடுவே போக்குவரத்து நிலவரமும் வானிலையும் வரும். அப்புறம் நேயர்களின் நேரம். நேயர் பேசுவது சில வினாடிகள் தாமதித்துத்தான் ஒலிபரப்பாகும். வசைச்சொல் விழுந்தால் பொத்தானை அழுத்தி வெட்டிவிடுவார்கள். யார் எப்போது என்ன சொல்வார் என்று தெரியாததால்தான் அந்தப் பொத்தானே தேவைப்படுகிறது.

‘பேச்சு’ என்ற சொல் தடுமாறுவது இங்கேதான். தனியாக நிற்கும் ‘பேச்சு’ நமக்கு மேடைப் பேச்சையும் பேச்சுப் போட்டியையும்தான் நினைவூட்டுகிறது. வானொலியிலோ அதற்கு இன்னும் குறுகிய பொருள். ‘வானொலிப் பேச்சு’ என்றால் ஒருவர் முன்கூட்டியே எழுதி எடுத்துவந்து, ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, குறித்த நேரத்துக்குள் வாசித்து முடிப்பது. மறுத்துப் பேச ஆளே இருக்காது. டாக் ரேடியோவில் நடப்பது இதற்கு நேர் எதிர்.

பேச்சுவார்த்தை, பேச்சுத்துணை என்றெல்லாம் இருக்கிறதே, அங்கே இரண்டு பேர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். ஆனால் இன்னொருவரை அழைத்து வருவது ‘வார்த்தை’யும் ‘துணை’யும்தான். ‘வானொலி’ அந்த வேலையைச் செய்யாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஸ்பீச் ரேடியோ’ என்று ஒரு வகை இருக்கிறது. 1967-ல் தொடங்கிய பிபிசி ரேடியோ 4 போல நாடகம், ஆவணம், செய்தி எனப் பாட்டல்லாத எல்லாவற்றையும் சேர்த்துத் தருவது. அதற்குப் பேச்சு வானொலி பொருந்தும். அந்தப் பெயரை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வோம்?

‘அரட்டை வானொலி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவே மாட்டேன். தண்ணீர் வரவில்லை, சாலை சரியில்லை என்று பொறுப்போடு கூப்பிட்டுச் சொல்கிறவர் அரட்டையா அடிக்கிறார்?

உரையாடல் வானொலி என்பதே சரி. ‘உரை’ ஒருவருடையதாக இருக்கலாம். தலைமை உரை, வாழ்த்துரை போல. ‘ஆடு’ சேர்ந்ததும் எதிரில் ஆள் வந்துவிடுகிறார். உறவாடு, வாதாடு, சொல்லாடு என்று பாருங்கள், ஒன்றையும் தனியாளாகச் செய்ய முடியாது. செய்தியும் சேர்ந்த நிலையத்தைச் செய்தி-உரையாடல் வானொலி எனலாம். கொஞ்சம் நீளம்தான். ஆனால் தெளிவாக இருக்கிறது.

மற்ற சொற்களிலும் இதே அவசரம். வானொலி கேட்பவருக்கு ‘நேயர்’ என்று அன்பான சொல் இருக்கிறது. நேயம் உடையவர் நேயர். அதைத் தள்ளிவிட்டு ‘அழைப்பாளர்’ என்கிறார்கள். அழைப்பாளர் என்றால் விருந்துக்கு அழைப்பவர் என்றல்லவா தோன்றும்? நிகழ்ச்சியை நடத்துகிறவர் பேச்சாளர் அல்லர், நெறியாளர். பிறரைப் பேசவைப்பதும் பேச்சை வழிக்குக் கொண்டுவருவதும் அவர் வேலை. வானொலியில் ‘ஒளிபரப்பு’ வருவதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஒளி தொலைக்காட்சிக்கு, ஒலி வானொலிக்கு. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு, அதைக்கூடப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த வாக்கியத்தை நான் இப்படி எழுதுவேன்: “அந்த உரையாடல் வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு நெறியாளரோடு பேசினார்கள், அது அப்படியே ஒலிபரப்பானது.”