சுண்டுவிரல் வளைந்திருக்கிறதா? நீவ வேண்டாம்

தண்டையார்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை பக்கமிருந்து தடுப்பூசிக்கு வரும் அம்மாக்கள் கிளம்புகிற நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "டாக்டர், பாப்பாவுக்கு சுண்டுவிரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கே, ஏதாச்சும் பிரச்சினையா?" கூட வந்த ஆயா, "நானும் தினம் எண்ணெய் போட்டு நீவுறேன், நேராவ மாட்டேங்குது" என்பார்.

உடனே எல்லோரையும் மேஜைமேல் கையை விரித்து வைக்கச் சொல்வேன். பல சமயம் அப்பாவுக்கோ ஆயாவுக்கோ அதே வளைவு இருக்கும். இத்தனை வருஷம் அவர்களே கவனித்திருக்க மாட்டார்கள்!

சுண்டுவிரலில் மூன்று எலும்புகள். நடு எலும்பு சிலருக்குக் குட்டையாக, ஆப்பு வடிவில் இருக்கும். அதனால் விரல் நுனி மோதிர விரல் பக்கம் சாய்கிறது. கிளினோடாக்டைலி என்று பெரிய பெயர் இருக்கிறதே தவிர, 10 டிகிரிக்குள் உள்ள சாய்வை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறோம். பிடிக்க, எழுத எந்தத் தடையும் வராது. எலும்பின் வடிவம் நீவுவதால் மாறாது. ஐஸ் குச்சி வைத்துக் கட்டினால் தோல்தான் புண்ணாகும். எண்ணெய்க் குளியல் வேறு விஷயம், தாராளமாகச் செய்யுங்கள்.

செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறோ என்று அழுதபடி வருகிறவர்களும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்கு இந்த வளைவு இருப்பது உண்மை. ஆனால் முக அமைப்பு, தசைத் தளர்ச்சி என்று வேறு அடையாளங்களும் சேர்ந்திருந்தால்தான் அந்தச் சந்தேகமே வரும். விரலை மட்டும் பார்த்து அப்படி முடிவு கட்ட முடியாது.

காலில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் கொஞ்சம் ஒட்டியிருப்பதும் பெரும்பாலும் குடும்ப வாகுதான், நடைக்கு இடைஞ்சல் இல்லை. சுண்டுவிரலோரம் தொங்கும் ஆறாவது விரலுக்கு மட்டும் வீட்டில் நூல் கட்டாதீர்கள். சீழ் பிடிக்கலாம், ரத்தம் கசியலாம்.

சரி, எப்போது காட்ட வேண்டும்? வளைவு கூடிக்கொண்டே போனால், விரலை மடக்கவோ நீட்டவோ முடியாவிட்டால், கட்டைவிரல் நுனி மடங்கியே நின்று அடியில் சிறு கட்டி தட்டுப்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். நம் பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கைவிரல்கள் ஒட்டியிருந்தால் பிரிக்கும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் 1 வயதுக்குப் பிறகுதான். ஆனாலும் கட்டைவிரலோ சுண்டுவிரலோ பக்கத்து விரலோடு ஒட்டியிருந்தால் அதற்கு முன்பே செய்ய வேண்டியிருக்கலாம். அதனால் பிறந்த சில வாரங்களிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.