கல்லில் வரைந்த சரசுவதியும் தேயிலைப் பெட்டிப் பலகையும்

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பெரியம்மாவின் லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறையில்) ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்த சரசுவதி படத்தைச் சட்டத்திலிருந்து கழற்ற வேண்டிய தேவை சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஏற்பட்டது. கூரைத் தகரம் ஒழுகிச் சுவர் நனைந்திருந்ததால், கண்ணாடியின் கீழ் விளிம்பில் நீர் கோத்து, வீணையின் குடத்தருகே சாம்பல் நிறப் பூஞ்சணம் படரத் தொடங்கியிருந்தது. சட்டத்தின் பின்புறத்தை மூடியிருந்தது பழைய தேயிலைப் பெட்டியொன்றின் ஒட்டுப்பலகை. அதன் வெளிப்பக்கத்தில் தோட்டத்தின் பெயரில் பாதியும், பி.ஓ.பி. என்ற தர எழுத்துகளும் கறுப்பு மையில் இருந்தன. துருவேறிய ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கியபோது, படத்தின் முதுகில் அந்தப் பலகையின் மரக்கோடுகள் முடிச்சு உட்பட அப்படியே பழுப்பு நிறத்தில் பதிந்திருப்பதைக் கண்டேன். அங்கே எவரும் மை பூசவில்லை. மரத்திலிருந்து மெல்ல வெளியேறிய அமிலங்கள், அறுபது ஆண்டுகளில் தாமாகவே ஓர் அச்சுப் பிரதியை எடுத்திருந்தன.

பழைய அச்சுப்படங்களையும் சுவரொட்டிகளையும் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் படத்தின் முகத்தையே பார்க்கிறார்கள். ஆனால் ஒரு படம் அசலா, எக்காலத்தது, இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை, வரைந்த உருவத்தில் அல்ல, மை தாளில் உட்கார்ந்திருக்கும் விதத்திலும் தாளின் வேதியியலிலும்தான் இருக்கிறது.

மையிலிருந்து தொடங்கலாம். பெரியம்மாவின் சரசுவதி கல்லச்சில் பிறந்தவள். கல்லச்சை 1796ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனெஃபெல்டர் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற, அடுப்படியில் நிற்கும் எவரும் அறிந்த உண்மையே அதன் அடிப்படை. நுண்ணிய துளைகளுள்ள சுண்ணக்கல்லை மழமழவென்று தேய்த்து, அதன்மீது கொழுப்புச் சேர்ந்த கோலால் வரைவார்கள். பின்னர் அரபுப் பிசினும் சிறிதளவு அமிலமும் கலந்த கரைசலைப் பூசினால், வரையாத இடங்கள் நீரைப் பிடித்துவைக்கும் தன்மையைப் பெறுகின்றன. கல்லை நனைத்து, எண்ணெய் மை தோய்ந்த உருளையை அதன்மேல் உருட்டும்போது, ஈரமான இடம் மையை விலக்க, கொழுப்புக் கோடு மட்டும் அதை ஏற்கிறது. மேட்டிலிருந்தோ பள்ளத்திலிருந்தோ அன்றி, சமதளமான பரப்பிலிருந்தே மை தாளுக்குச் செல்வது இம்முறையின் தனித்தன்மை. ஆகவே எழுத்தச்சில் போலத் தாளில் அழுந்திய தடம் இதில் இருப்பதில்லை.

ஒரு நிறத்துக்கு ஒரு கல் வேண்டும். பிரான்சில் கோதஃப்ருவா எங்கெல்மான் 1837இல் இந்தப் பன்னிறக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். இந்த முறையில்தான், 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மாவின் அச்சகம் இலட்சுமியையும் சரசுவதியையும் சாதாரண வீடுகளின் சுவர்களுக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் ஓவியம் போலத் தோன்ற மேலே வார்னிஷ் பூசிய அப்படங்களை ஒலியோகிராப் என்பார்கள். பின்னாளில் கோவில்பட்டியிலிருந்து வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) போன்றோரின் தெய்வப் படங்கள் நாட்காட்டிகளாக வந்தன. நம் மலைகளைக் காட்டிய தேயிலைச் சுவரொட்டிகள் லண்டன் தெருக்களில் ஒட்டப்பட்டன. நம் லயங்களின் சுவர்களில் ஒட்டப்பட்டவையோ கடல் கடந்து வந்த நாட்காட்டித் தாள்கள். மலையகத்தில் பழைய அச்சுப்படம் தேடுபவர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய முரண் இது.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு லென்ஸை சரசுவதியின் கன்னத்தின்மீது வைத்துப் பார்த்தால், இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெவ்வேறு அளவிலான புள்ளிகளாகத் தெரிகின்றன. கலைஞர் ஒருவர் நிழல் எங்கே வேண்டுமோ அங்கே நெருக்கியும், ஒளி எங்கே வேண்டுமோ அங்கே விலக்கியும் கையால் குத்திய புள்ளிகள் அவை. அவற்றில் ஒழுங்கான வரிசை எதுவும் இல்லை. மூக்குத்திக்கு அருகே நீலக் கல் இம்மியளவு இடம்பெயர்ந்து விழுந்திருப்பதால், ஒரு மெல்லிய நீல விளிம்பு தெரிகிறது. இந்தக் குறையை எனக்குப் பிடிக்கும். கல்லை மாற்றி மாற்றித் தாளைப் பொருத்திய ஒரு தொழிலாளியின் கை அதில் இருக்கிறது.

நிழற்படத் தொழில்நுட்பத்தோடு வந்த புள்ளித்திரை முறை வேறு வகையானது. அதில் படம் ஒரு திரையின் ஊடாகச் சீரான இடைவெளியுள்ள புள்ளிகளாக உடைக்கப்படுகிறது. நிழலுக்குப் பெரிய புள்ளி, ஒளிக்குச் சிறிய புள்ளி. சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறங்களின் புள்ளி வரிசைகளை ஒரே திசையில் வைத்தால் கண்ணை உறுத்தும் அலைக்கோலம் தோன்றும் என்பதால், கறுப்பை 45, மஜெந்தாவை 75, சயனை 15, மஞ்சளை 0 பாகைச் சாய்வில் வைப்பது வழக்கம். அவ்வாறு சாய்த்தவுடன் லென்ஸின் கீழே புள்ளிகள் சிறு பூவளையங்களாகக் கூடிக்கொள்கின்றன. இன்றைய மைத்தாரை (இன்க்ஜெட்) அச்சுப்பொறியிலோ வளையமும் இல்லை, வரிசையும் இல்லை. பனித்தூறல் போல நுண்துளிகள் சிதறிக் கிடக்கும்.

இந்த வேறுபாட்டை நான் காசு கொடுத்தே கற்றுக்கொண்டேன். நுவரெலியாவில் ஏப்ரல் மாதச் சீசன் காலத்தில், கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் பொறித்த தேயிலைச் சுவரொட்டி ஒன்றை 1930களின் அசல் என்ற உறுதிமொழியுடன் ஒரு கடையில் வாங்கினேன். நன்றாகப் பழுத்த தாள். ஓரம் சற்றுக் கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்தது பெண்ணின் முகத்தின்மீது அல்ல, கீழே இருந்த பெரிய கறுப்பு எழுத்தின்மீது. அசல் கல்லச்சில் எழுத்து என்பது ஒரே நிறத்தில் நிறைந்த, கூர்மையான விளிம்புள்ள மை. என்னுடையதிலோ எழுத்துக்குள்ளேயே நான்கு நிறப் பூவளையங்கள் தெரிந்தன. அதாவது, அசலை யாரோ படமெடுத்து, எழுத்தையும் படமாகவே பாவித்து, புள்ளித்திரையைப் பயன்படுத்தும் இயந்திர அச்சான ஓப்செட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அளவுகோலை எடுத்தேன்: 297 மில்லிமீற்றருக்கு 420, அச்சொட்டாக ஏ3. அக்கால பிரித்தானியச் சுவரொட்டிகள் 20 அங்குலத்துக்கு 30 போன்ற அங்குல அளவுகளில் அச்சாயின. பழுப்பு நிறமும் பொய்யே. தாள் தானாகப் பழுக்கும்போது, காற்று படும் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுக்கும். என்னுடையது நடுவிலும் ஓரத்திலும் ஒரே நிறத்தில், இடையிடையே நீர் வற்றிய கோடுகளோடு இருந்தது. தேயிலை விளம்பரத்தைத் தேநீரிலேயே நனைத்து முதுமையாக்கியிருந்தார்கள்.

எனினும் பூவளையத்தைக் கண்டவுடன் போலி என்று தீர்ப்புக் கூறிவிட இயலாது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த சினிமாச் சுவரொட்டிகள் பலவும் நாட்காட்டிகளும் முதலிலேயே ஓப்செட்டில் அச்சானவை; அவற்றின் அசலிலும் புள்ளித்திரை இருக்கும். கேட்க வேண்டிய கேள்வி, அந்தக் காலத்தில் அந்தப் பொருள் எம்முறையில் அச்சாகியிருக்க வேண்டும் என்பதே. சிலோன் என்ற சொல்லும் காலத்தைக் காட்டாது. நாட்டின் பெயர் 1972இல் மாறிய பின்னரும் தேயிலை மட்டும் அப்பெயரை விடவில்லை.

தாளைச் சோதிக்க, நாணயத்தாள்களைப் பார்ப்பதற்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு போதும். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வூட்டிகள் 1950களுக்குப் பிறகே கடதாசி ஆலைகளில் பரவலாயின. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி நீல ஒளியாக உமிழ்வது அவற்றின் இயல்பு. இருட்டறையில் விளக்கைக் காட்டியதும் சலவை செய்த வெள்ளைச் சட்டை போலத் தாள் ஒளிர்ந்தால், அது 1930களின் தாளாக இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. நான் வாங்கியது தேநீர்க் கறைக்கு அடியிலிருந்தும் ஒளிர்ந்தது. பெரியம்மாவின் சரசுவதியோ மங்கிய மஞ்சளாக, ஒளிராமல் இருந்தாள்.

ஒளிராத தாளிலும் வேறொரு கேடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கடதாசியின் பெரும்பகுதி கந்தைத் துணியிலிருந்து வந்தது. அதன்பின் மரத்தை அரைத்த கூழ் அவ்விடத்தைப் பிடித்தது. மரக்கூழில் செலுலோஸ் இழைகளோடு லிக்னினும் இருக்கிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பேறுகிறது. மை ஊறிப் பரவாதிருக்க ஆலைகள் பைன் பிசினோடு சேர்த்த அலுமினியம் சல்பேற்று, ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. செலுலோஸ் என்பது குளுக்கோசு அலகுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. அமிலத்தின் முன்னிலையில் நீர் மூலக்கூறு புகுந்து அக்கோவையை இடையிடையே அறுத்துவிட, இழை குறுகி, தாள் மடித்த இடத்தில் அப்பளம் போல உடைகிறது. ஒட்டுப்பலகையும் அசற்றிக் அமிலம் போன்றவற்றை வெளிவிடும் என்பதால், படத்துக்குத் தன் அமிலம் போதாதென்று முதுகிலிருந்தும் அமிலம் ஊட்டப்பட்டிருந்தது.

மலையகத்தின் காலநிலை இங்கே இரட்டை வேடம் போடுகிறது. கொழும்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 16 பாகை அளவே. வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் இத்தகைய வேதிமாற்றங்களின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும் என்பதால், அமிலத் தாளொன்று கொழும்பைவிட இங்கே நெடுங்காலம் வாழ வேண்டும். ஆனால் குளிர்ந்த காற்று ஈரத்தைத் தாங்காது. 16 பாகையில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 13.6 கிராம் அளவு நீராவியையே ஏற்கும். 27 பாகையில் ஏறத்தாழ 26 கிராம். இங்கே சிறிதளவு நீராவியே காற்றை நிரப்பிவிடுவதால், சார் ஈரப்பதன், அதாவது காற்று ஏற்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, எளிதில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. 65 அல்லது 70 சதவீதத்துக்கு மேல் அது நீடித்தால், தாளில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பூஞ்சண வித்துகள் முளைக்கத் தொடங்கும். குளிர் அமிலத்தைத் தாமதப்படுத்துகிறது. அதே குளிர் பூஞ்சணத்துக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

சட்டம் போட்ட படம் சுவரில் தொங்கும்போது இன்னொன்றும் நிகழ்கிறது. மாலையில் அடுப்பெரிந்து காம்பரா 20 பாகைக்கு வருகிறது என்றும், சார் ஈரப்பதன் 70 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 14 பாகைப் பரப்பொன்றைத் தொட்டால் நீர்த்துளியாகிவிடும். இரவில் வெளிச்சுவர் 14 பாகைக்குக் கீழே இறங்குவது இங்கே சாதாரணம். படமும் கண்ணாடியும் அச்சுவரோடு சேர்ந்து குளிர, கண்ணாடியின் உட்புறத்தில் வியர்வை கோக்கும். தாள் கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால் வார்னிஷ் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பெரியம்மா படத்தை மாட்டியிருந்தது வெளிச்சுவரில்தான். அடுத்த காம்பராவோடு பகிரும் உட்சுவர் இரு பக்கமும் சூடாக இருப்பதால், அங்கே மாட்டியிருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சலூன் சுவரில் வெயில் பட்ட சினிமாச் சுவரொட்டிகள் எல்லாம் நீலமாகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1935இல் சந்தைக்கு வந்த தாலோசயனின் நீலம் ஒளிக்கு அசையாதது. மஜெந்தாவும் மஞ்சளும் அதற்கு முன்பே வெளிறிப்போவதால், நாயகனும் நாயகியும் நீல முகத்தோடு மிஞ்சுகிறார்கள். அருங்காட்சியகங்கள் தாள் படங்களுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) ஒளிக்கு மேல் அனுமதிப்பதில்லை.

பழுதுபார்க்கும் ஆர்வத்தில் நிகழும் கேடுகளில் முதலிடம் ஒட்டுநாடாவுக்கே. அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும். பிறகு அதை எடுப்பது கறையோடும் கிழிசலோடும் முடியும். லாமினேட் செய்வதோ படத்தை உயிரோடு புதைப்பதற்குச் சமம். தேர்ந்த பாதுகாப்பாளர்கள் பயன்படுத்துவது கோதுமை மாவிலிருந்து பிரித்த மாப்பொருளைக் காய்ச்சிய பசை. தேர்தல் காலத்தில் வாளியில் கலக்கும் மாப்பசையின் தூய்மையான உறவினர் என்று அதைச் சொல்லலாம். நீரில் நனைத்தால் இளகும் என்பதே அதன் பெருமை. பூச்சிக்காக அதில் மயில்துத்தம் கலக்கும் சுவரொட்டிக்காரரின் வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம். செம்பு உப்பு செலுலோஸின் சிதைவை விரைவுபடுத்தும். சட்டக்காரர்கள் அழகுக்காக ஓரத்தை வெட்டுவதையும் தடுக்க வேண்டும், ஏனெனில் அச்சகத்தின் பெயரும் படத்தின் எண்ணும் அந்த விரற்கடை வெள்ளை ஓரத்தில்தான் இருக்கும். சரசுவதியின் ஓரம் எப்போதோ வெட்டப்பட்டுவிட்டதால், அவள் எந்த அச்சகத்தில் பிறந்தவள் என்பதை இனிச் சொல்ல வழியில்லை.

பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைக்காமல், படத்தை நிழற்காற்றில் உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் வெளியே நின்று தட்டியெடுத்தேன். முதுகின் மரக்கோடுகளை அகற்ற முயலவில்லை. அமிலமற்ற அட்டையைப் பின்னால் வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே மூன்று மில்லிமீற்றர் இடைவெளி வரும்படி அட்டைச் சட்டமொன்றை வெட்டிப் பொருத்தி, அடுப்பிலிருந்து தள்ளி, உட்சுவரில் மாட்டினேன். பழைய ஒட்டுப்பலகையை வெளியே வீசப் போனபோது பெரியம்மா தடுத்தார். “அத எறிஞ்சிராதப்பா, ஒங்க பெரியப்பா ஸ்டோர்லயிருந்து கொண்டாந்த பலக அது” என்றார். கடதாசிச் சாக்குகள் வந்த பின்னர் அத்தகைய பெட்டிகளையே இப்போது காண்பது அரிது. பலகையைத் துணியில் சுற்றி எதிர்ப்பக்கச் சுவரின் அலுமாரிக்கு மேலே வைத்தேன். படமும் அதுவும் இப்போது ஒரே காம்பராவில், ஒன்றையொன்று தொடாத தூரத்தில் இருக்கின்றன.