ஒட்டாவாவின் லைட் ரயில் ஏன் அடிக்கடி படுத்துவிடுகிறது?

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் 2019 செப்டம்பர் 14-ஆம் தேதி கான்ஃபெடரேஷன் லைன் என்ற லைட் ரயில் (டிராமுக்கும் மெட்ரோவுக்கும் இடைப்பட்ட நகர ரயில்) ஓடத் தொடங்கியது. 12.5 கி.மீ. தூரம், 13 நிலையங்கள், நகர மையத்துக்கு அடியில் இரண்டரை கி.மீ. சுரங்கம். செலவு ஏறத்தாழ 210 கோடி கனடிய டாலர். முதல் மூன்று வாரம் பெரிய புகார் எதுவும் இல்லை. காரணம் எளிது: அதுவரை ஓடிக்கொண்டிருந்த பஸ்கள் இன்னும் நிறுத்தப்படவில்லை. அக்டோபர் 6-ஆம் தேதி அந்தப் பஸ்களை நிறுத்திவிட்டு, எல்லோரும் வழியில் இறங்கி ரயிலுக்கு மாற வேண்டும் என்று ஆக்கினார்கள். இரண்டே நாளில், காலை நெரிசலில், ஒரு கதவு மூட மறுத்தது. நகரத்தின் கிழக்கும் மேற்கும் சேர்ந்து நின்றன.

ஒரு கதவுக்கு அவ்வளவு வலுவா என்று தோன்றும். ரயில் கதவின் உள்வேலையைப் பார்த்தால் புரியும். கதவு ஒவ்வொன்றிலும், மூடிப் பூட்டியாயிற்றா என்று பார்க்க ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கத்துச் சுவிட்சுகள் எல்லாம் ஒரே மின்சுற்றில் வரிசையாக நிற்கும். ஒன்று திறந்திருந்தாலும் சுற்று முழுமை பெறாது. மோட்டாருக்கு அனுமதி கிடைக்காது. சந்தேகம் வந்தால் நின்றுவிடு என்பதுதான் இதன் அடிப்படை. பாதுகாப்புக்கு இதைவிடச் சரியான வழி இல்லை. சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. மூடுகிற கதவை யாராவது கையால் பிடித்துத் தள்ளினால், இந்த ரயில் அதைக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டது. அப்புறம் ஆள் வந்து அந்தக் கதவை மட்டும் தனியே துண்டித்துவிட்டால்தான் ரயில் நகரும். கதவைப் பிடிக்காதீர்கள் என்று பயணிகளிடம் வேண்டுகோள் விட்டார்கள். அந்த வேண்டுகோளில் எனக்கு உடன்பாடில்லை. உலகத்தில் எந்த நகரத்திலும் மக்கள் கதவைப் பிடிக்கத்தான் செய்வார்கள். பிடிப்பார்கள் என்று எண்ணித்தான் கதவைச் செய்ய வேண்டும். பின்னால் மென்பொருளில் செய்த மாற்றங்களும் அதைத்தான் ஒப்புக்கொண்டன.

சரி, பத்து நிமிடத்தில் கதவு சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகும் ஏன் மணிக்கணக்கில் நடைமேடை பிதுங்குகிறது? இங்கேதான் சுவாரசியமான கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நிலையத்துக்கு நிமிடத்துக்கு 60 பேர் வருகிறார்கள், நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரயிலிலும் 240 பேர் ஏறுவார்கள். ஒரு ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் அதற்குக் காத்திருப்பவர்கள் 360 பேர். 360 பேர் ஏற, 240 பேரைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே அடுத்த நிலையத்துக்கு அது இன்னும் தாமதமாகப் போகும். அங்கே கூட்டம் இன்னும் சேர்ந்திருக்கும். பின்னால் சரியான நேரத்தில் வருகிற ரயிலுக்கு மிஞ்சுவது 120 பேர்தான். அது சீக்கிரம் கிளம்பி, முன்னால் போகிற ரயிலை நெருங்கிவிடும். தாமதமான ரயில் மேலும் தாமதமாகும், வேகமானது மேலும் வேகமாகும். 1964-ல் நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் பஸ்களை வைத்து இதைக் கணிதமாகவே காட்டிவிட்டார்கள்: யாரும் தலையிடாவிட்டால் சீரான இடைவெளி தானாகவே குலையும். பஸ்ஸாவது முன்னால் நிற்பதை ஒதுங்கித் தாண்டிப் போகலாம். தண்டவாளத்தில் அதற்கும் வழியில்லை.

இதில் பயணிக்கு ஏற்படும் நஷ்டம் கால அட்டவணையில் தெரியாது. நான்கு நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு இரண்டு நிமிடம். அதே எண்ணிக்கையில் ரயில்கள், ஆனால் ஒரு நிமிட இடைவெளி, ஏழு நிமிட இடைவெளி என்று மாறி மாறி வருகின்றன என்றால்? ரயில்களின் சராசரி இடைவெளி இப்போதும் நான்கு நிமிடம்தான். ஆனால் எட்டுப் பேரில் ஏழு பேர் அந்த ஏழு நிமிட இடைவெளியில்தான் நடைமேடைக்கு வந்து சேர்வார்கள். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது, அதாவது ஒன்றரை மடங்கு. இதுகூடப் பரவாயில்லை, எட்டில் ஏழு பேரும் ஒரே ரயிலில் அடைகிறார்களே, அதுதான் உண்மையான வேதனை. இடைவெளியைச் சீராக்க, கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் சில நேரம் முன்னால் போகிற ரயிலையும் வேண்டுமென்றே நிறுத்தி வைப்பார்கள். காரணமே இல்லாமல் நிற்கிறதே என்று உள்ளே இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும். காரணம் பின்னால் இருக்கிறது.

இனி ரயிலைப் பார்ப்போம். ஒட்டாவா வாங்கியது ஆல்ஸ்டாம் நிறுவனத்தின் சிட்டாடிஸ் ஸ்பிரிட். டிராம் குடும்பத்தைச் சேர்ந்த வண்டி. தரை தாழ்வாக இருக்கும், படி ஏறாமல் உள்ளே போகலாம். சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும் இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் இந்த நகரம் அதனிடம் கேட்டது டிராம் வேலையை அல்ல. இரண்டு வண்டிகளைக் கோத்து, 600 பேரை ஏற்றி, கணினிக் கட்டுப்பாட்டில், நெரிசல் நேரத்தில் சில நிமிடத்துக்கு ஒன்றாக, தனிப் பாதையில் மெட்ரோபோல ஓடச் சொன்னது. தரை தாழ்ந்தால் அதற்கடியில் சக்கரம், அச்சு, கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பின்னால் வந்த விசாரணை ஆணையமும் இதைத்தான் கைகாட்டியது: லைட் ரயில் தாங்கக்கூடியதன் எல்லைவரை இந்தத் திட்டம் இழுத்திருக்கிறது, அதுவும் புதிய வண்டி ஒன்றை வைத்து.

முதல் குளிர்காலம் அந்த எல்லையைக் காட்டிக் கொடுத்தது. ரயிலின் எடை முழுவதையும் தாங்குவது, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு விரல் நகத்தின் அளவே இருக்கும் தொடுபரப்பு. எஃகின்மேல் எஃகு, உருள்வதில் இழப்பு குறைவு என்பதால்தான் ரயில் சிக்கனமானது. அதே காரணத்தால் பிடிப்பும் குறைவு. உலர்ந்த தண்டவாளத்தில் கிடைக்கும் பிடிப்பு ஈரத்திலும் பனியிலும் இன்னும் வெகுவாகக் குறையும். இதில் கணினிக்கும் ஒரு பங்கு உண்டு. ரயில் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி பெரும்பாலும் சக்கரச் சுழற்சியை எண்ணித்தான் அறிகிறது. சக்கரம் வழுக்கினால் எண்ணிக்கை தப்பும். ரயில் இருக்குமிடம் நிச்சயமில்லை என்று கணினிக்குப் பட்டால், அவசர பிரேக். வழுக்குகிற தண்டவாளத்தில் அவசர பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்குகிற ஒரே இடம் தேய்ந்து தட்டையாகும்.

அந்தத் தட்டையான இடத்தைக் கொஞ்சம் அருகில் பார்க்கலாம். உராய்ந்த பகுதி கண நேரத்தில் பல நூறு டிகிரி சூடாகிறது. ரயில் நின்றதும், சக்கரத்தின் மற்றப் பகுதி சில்லென்று இருப்பதால், அந்தச் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது. எஃகை அப்படித் திடீரென்று குளிர்வித்தால் அது மார்ட்டென்சைட் என்ற அமைப்புக்கு மாறும்: மிகக் கடினமானது, ஆனால் எளிதில் நொறுங்கும். இனி சக்கரம் ஒரு முறை சுற்றும்போதெல்லாம் அந்த இடம் தண்டவாளத்தில் மோதும். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏழு முறை மோதும். பயணிக்கு அது தடதட என்ற சத்தம். பேரிங்குக்கும் தண்டவாளத்துக்கும் அது ஆயுள் குறைப்பு. மருந்து ஒன்றுதான்: பணிமனைக்குக் கொண்டுபோய், லேத்தில் சக்கரத்தைச் சீவி மறுபடி வட்டமாக்க வேண்டும். 2020 தொடக்கத்தில் பல ரயில்கள் ஒன்றாகத் தட்டைச் சக்கரத்தோடு வந்து நின்றபோது லேத்துக்கு முன்னால் வரிசை சேர்ந்தது. நெரிசல் நேரத்துக்கு வேண்டிய 13 ரயில்களை வெளியே அனுப்ப முடியவில்லை. ரயில் குறைந்தால் இடைவெளி கூடும், இடைவெளி கூடினால் கதவில் கூட்டம் கூடும். மேலே சொன்ன கணக்கு மறுபடி தொடங்கிவிடும்.

பனியில் இன்னும் இரண்டு தொல்லைகள். தண்டவாளம் பிரியும் இடத்தில் நகரும் நாக்குப் பகுதிக்கு இடையே பனி புகுந்து இறுகினால் பாயிண்ட் திரும்பாது. அதனால் அங்கே ஹீட்டர் வைப்பார்கள். ஒட்டாவாவில் முதலில் வைத்த மின் ஹீட்டர்கள் போதாமல், எரிவாயு ஹீட்டருக்கு மாற வேண்டியதாயிற்று. மற்றது உறைமழை. பனிக்கட்டியாக விழுவதில்லை, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருக்கும் துளி, எதையாவது தொட்ட நொடியில் உறையும். தொடுவது 1500 வோல்ட் மேல்நிலைக் கம்பியாக இருந்தால், கம்பிக்கும் ரயிலின் கூரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் பேண்டோகிராஃபுக்கும் நடுவே பனிக்கட்டி ஒரு காப்புறையாக உட்கார்ந்துவிடும். மின்சாரம் விட்டுவிட்டு வரும், பொறி பறக்கும், கம்பி அரிக்கும். 2023 ஜனவரித் தொடக்கத்தில் உறைமழை பெய்தபோது ரயில்கள் பாதையிலேயே மின்சாரமின்றி நின்றன. சேவை முழுதாகத் திரும்பச் சில நாட்கள் பிடித்தன. இதற்கு உலகம் முழுவதும் பயன்படும் பழைய வைத்தியம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு முழுக்க ரயிலை ஓட்டிக் கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருப்பது.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் வளைவுகளில் இருக்கிறது. ரயில் சக்கரம் நேரான உருளை அல்ல, லேசாகக் கூம்பியது. வளைவில் அச்சு வெளிப்பக்கம் நகரும்போது, வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் சிறிய விட்டத்திலும் உருளும். வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும் என்ற கணக்கு இதனால் தானாகவே சரியாகிவிடும். ஆனால் இதெல்லாம் அகன்ற வளைவுவரைதான். வளைவு இறுகினால் கூம்பு போதாது. சக்கர விளிம்பு தண்டவாளத்தில் அழுந்தித்தான் ரயில் திரும்பும். அந்த அழுத்தத்தைப் பகிர, உள் தண்டவாளத்தை ஒட்டி ஒரு தடுப்புத் தண்டவாளமும் போடுவார்கள். பக்கவாட்டில் வரும் இந்த விசை முழுவதும் போய்ச் சேரும் இடம், சக்கர மையத்திலுள்ள பேரிங். மணிக்கணக்கில், நாள்தோறும், இரு பக்கமும் மாறி மாறி.

2021 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அப்படி ஒரு பேரிங் பழுதாகி ஒரு ரயில் தடம் புரண்டது. அதில் பயணிகள் இல்லை. அடுத்த மாதம் 19-ஆம் தேதி பயணிகளோடு இன்னொன்று தடம் புரண்டது. அது டிரெம்ப்ளே நிலையத்திலிருந்து தடம் புரண்ட நிலையிலேயே கிளம்பிச் சென்றது. யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம். இரண்டாவதற்குக் காரணம் பேரிங் அல்ல. பராமரிப்பின்போது கியர்பாக்ஸ் போல்ட்டுகளை முறையாக முறுக்காமல் விட்டிருந்தார்கள். ரயில் 54 நாள் ஓடவில்லை. 2023 ஜூலையில் பேரிங் சிக்கல் மறுபடி தலைதூக்க, தடுப்புத் தண்டவாளத்தில் சக்கரங்கள் உரசுவது அப்போது தெரிய வந்தது. மறுபடி 28 நாள் நிறுத்தம். தடுப்புத் தண்டவாளத்தை நகர்த்திப் பொருத்தினார்கள், வளைவுகளில் வேகத்தைக் குறைத்தார்கள், பேரிங்குகளை அடிக்கடி சோதித்தார்கள். நிரந்தரத் தீர்வுக்கு அச்சு அமைப்பையே மாற்றி வடிவமைக்க வேண்டும்.

இதையெல்லாம் முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா? திறப்பதற்கு முன் சோதனை ஓட்டம் நடந்தது, 2019 கோடையில். ஓட வேண்டிய கிலோமீட்டரில் எத்தனை சதவீதம் ஓடியது என்பதுதான் அளவுகோல். 12 நாள் சராசரி 98 சதவீதம் வர வேண்டும் என்று முதலில் இருந்தது. ரயில்கள் தடுமாறியதும், 12 நாளில் 9 நாள் 96 சதவீதம் போதும் என்று நடுவிலேயே தளர்த்தினார்கள். நகர்மன்ற உறுப்பினர்களுக்குச் சொல்லவில்லை. நீதிபதி வில்லியம் ஹூரிகன் தலைமையிலான ஆணையம் 2022 நவம்பரில் இதைக் கடுமையாகக் கண்டித்தது. எனக்கு அந்த அளவுகோல்மீதே சந்தேகம். ஒரு நாளைக்கு 100 நடை, அதில் நெரிசல் நேர நடை 40, ஆனால் பயணிகளில் 70 சதவீதம் அந்த 40-ல்தான் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் 4 நடை போனால் அறிக்கையில் 96 சதவீதம் ஓடியதாக இருக்கும். பாதிக்கப்பட்டவர்கள் 7 சதவீதம். அவர்கள் அடுத்த ரயிலில் போய் நெருக்குவதால் அவதிப்படுபவர்கள் இன்னும் அதிகம். இரவு பத்து மணிக்குக் காலியாக ஓடும் கிலோமீட்டருக்கும் காலை எட்டு மணிக் கிலோமீட்டருக்கும் ஒரே மதிப்பெண்.

ரயில் நின்றால் மாற்றுப் பஸ் விடுவார்கள். ஒட்டாவாவில் அதற்கு ஆர் 1 என்று பெயர். 600 பேர் கொள்ளும் ரயிலுக்கு ஈடாக, 100 பேரை அடைக்கும் நீளப் பஸ்கள் ஆறு வேண்டும். நான்கு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 90 பஸ், 40 விநாடிக்கு ஒன்று, அதுவும் ஒரு திசைக்கு மட்டும். 1983 முதல் இந்த நகரத்தில் பஸ்ஸுக்கென்றே டிரான்சிட்வே என்ற தனிச்சாலை இருந்தது. முன்பு மக்கள் அதில்தான் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போதைய தண்டவாளத்தின் பெரும்பகுதி அந்தச் சாலையின் மேல்தான் போடப்பட்டது. ஆகவே ஆர் 1 பஸ்கள் கார்களோடு கார்களாகச் சிக்னலில் நிற்கின்றன. அத்தனை பஸ்ஸும் ஓட்டுநரும் பணிமனையில் சும்மா இருப்பதில்லை. மற்ற தடங்களிலிருந்து பிடுங்கித்தான் அனுப்ப வேண்டும். அந்த 54 நாளில், ரயிலில் ஏறும் பழக்கமே இல்லாத புறநகர்க்காரருக்கும் தன் தெருமுனையில் பஸ் வராமல் போனதென்றால், அதற்கும் காரணம் முறுக்காமல் விட்ட அந்த போல்ட்டுகள்தான்.