நிழலில்தானே வைத்தோம்?

போன மே மாதம் ஒரு மதியம். பள்ளி விடுமுறையில் இருந்த பையன் ஒருவனும் அவனுடைய தாத்தாவும் ஒரு செருப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி வந்தார்கள். உள்ளே ஒரு பொன்னிற ஹாம்ஸ்டர் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. தாடையும் கழுத்தும் எச்சிலில் நனைந்திருந்தன. காலையில் வீடு கழுவும்போது கூண்டை மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். நிழல்தானே என்ற தைரியத்தில் அப்படியே மறந்தும் போய்விட்டார்கள்.

"வெளியில, மண்ணுல வாழ்ற எலி ஜாதிதானே சார், இதுக்குமா வெயில் தாங்காது?" என்றார் தாத்தா.

அன்றைக்கு நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அந்த ஹாம்ஸ்டர் பிழைக்கவும் இல்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

நாம் வளர்க்கும் பொன்னிற ஹாம்ஸ்டரின் பூர்வீகம் சிரியாவின் அலெப்போ வட்டாரமும் அதை ஒட்டிய தெற்குத் துருக்கியும். 1930-இல் அலெப்போ அருகே ஒரு தாயையும் குட்டிகளையும் மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள். இன்று கடைகளில் விற்கும் பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு குடும்பத்தின் வழிவந்தவை. அந்த ஊரில் கோடை வெயில் நம் ஊருக்குச் சளைத்ததில்லை. ஆனால் ஹாம்ஸ்டர் அந்த வெயிலில் இருப்பதே கிடையாது. இரண்டடி ஆழத்தில் வளை தோண்டி அதற்குள் கிடக்கும். துருக்கியில் காட்டு ஹாம்ஸ்டர்களைக் கவனித்த ஆய்வாளர்கள், அவை ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் தரைக்கு மேலே நடமாடியதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மீதி நேரமெல்லாம் மண்ணுக்குள்தான், சூடும் குளிரும் அதிகம் எட்டாத இடத்தில். நாம் அந்த வளையைப் பிடுங்கிக்கொண்டு, தப்பிக்க வழியில்லாத ஒரு கம்பிக் கூண்டைக் கொடுத்து மாடியில் வைக்கிறோம். அது இயற்கைச் சூழல் ஆகாது.

ஹாம்ஸ்டருக்கு நம்மைப்போல வியர்க்காது. சூடு ஏறினால் எச்சிலை எடுத்து உடம்பில் பூசிக்கொள்ளும். அது உலரும்போது கொஞ்சம் குளிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் நம் சட்டையே உலராது, எச்சில் எங்கே உலரும்? அந்தச் செருப்பு டப்பாவில் நான் பார்த்த ஈரம் அதுதான். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகமான சூடு. 30-ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிடுகிறது. தகரத்துக்குக் கீழே கிடைக்கும் நிழல், நிழல் மாதிரி தெரியும் அடுப்பு.

சரி, வீட்டுக்குள் வைத்தால் போதுமா? அதுவும் இல்லை. மாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை, பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் இறக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையோரமாக, ஜன்னல் வெயில் எந்த நேரத்திலும் விழாத மூலையில் வையுங்கள். காலையில் நிழலாக இருந்த பால்கனி மூன்று மணிக்கு அப்படி இருக்காது. கூண்டுக்குள் ஒரு டைல்ஸ் துண்டு, பக்கவாட்டில் சாய்த்த சின்ன மண்சட்டி, துணி சுற்றிய ஐஸ் பாட்டில் இருந்தால் தேவையானபோது அது தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு சாண் ஆழத்துக்காவது காகிதத் துணுக்குகளைப் போட்டுவிட்டால் ஏதோ ஒரு வளையாவது அமைத்துக்கொள்ளும். தச்சுப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள் வேண்டாம், நுரையீரலுக்குக் கேடு.

துவண்டு கிடந்தால் உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதங்களையும் ஒற்றிக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம். மயங்கிய பிராணியின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வெளியே வைத்தால் வெயில் மட்டும் ஆபத்தில்லை. காக்கை, பூனை, சாரைப்பாம்பு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலர் மறப்பது எறும்பை. கண் திறக்காத குட்டிகளைச் சிவப்பெறும்பு மொய்த்த ஒரு கூண்டைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் பெருச்சாளி. அதன் மூத்திரம் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். ஆய்வகங்களில் எலிக்காய்ச்சலை ஆராய ஹாம்ஸ்டரைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள், அத்தனை சுலபமாக அதற்கு அந்த நோய் தொற்றும். மழைக்காலத்தில் கூண்டைத் தரைத்தளத்தில் வெளியே வைத்தால், அந்தக் கிருமி ஹாம்ஸ்டர் வழியாக உங்கள் குழந்தையின் கைக்கு வந்து சேரலாம்.

முயலும் கினிப்பன்றியும் கொஞ்சம் வேறு கதை. மார்கழி, தையில் மர நிழலில், ஆள் பக்கத்தில் இருக்க, மாலையில் கொஞ்ச நேரம் புல் மேய விடலாம். கோடையில் அவையும் உள்ளேதான். கினிப்பன்றி ஆண்டிஸ் மலைக்காரன், வெயிலுக்குப் பழகாதவன்.

குளிரிலும் இதே கதைதான், வேறு மாதிரி. ஜனவரியில் கொடைக்கானலில் இருந்து ஓர் அம்மா போன் செய்தார். ராத்திரி கூண்டு வராந்தாவில் இருந்ததாம். காலையில் பார்த்தால் உடம்பு சில்லிட்டு, உருண்டையாகச் சுருண்டு கிடக்கிறது, பையன் தோட்டத்தில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறான் என்றார். குழியை நிறுத்தச் சொன்னேன். கடுங்குளிரில் ஹாம்ஸ்டர் மூச்சையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். நெருப்பருகே கொண்டு போகாமல் உள்ளங்கையில் பொத்தி மெதுவாகச் சூடேற்றுங்கள், மீசை அசைகிறதா என்று கவனியுங்கள் என்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி போன். இந்தத் தடவை பேசியது பையன்.

"டாக்டர், கடிச்சிருச்சு!"